ஐந்நூறு ரூபாய் ரசீது

சினிமாவுக்கு விமரிசனம் எழுதுகிறோம். நாவலுக்கு எழுதுகிறோம். ஓட்டல் சாம்பாருக்குக்கூட எழுதுகிறோம். ஓர் ஊர்வலத்துக்கு விமரிசனம் எழுதினால் என்ன? அதற்கும் கதை இருக்கிறது, வசனம் இருக்கிறது, ஹீரோ இருக்கிறார், வில்லன் இருக்கிறார். டிக்கெட்டும் உண்டு. அந்த டிக்கெட்டிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

வெள்ளகோவில் போயிருந்தேன். கோவையிலிருந்து கரூர் போகிற பஸ்ஸில் காங்கேயம் தாண்டி வருகிற ஊர். விசைத்தறி, எண்ணெய் மில், முருங்கைக்காய், இதுதான் ஊரின் பிழைப்பு. என் கல்லூரி நண்பரின் தம்பி அங்கே பன்னிரண்டு தறி வைத்து ஜாப் ஒர்க் ஓட்டுகிறார். பாவும் நூலும் கொடுப்பவர் வேறொருவர், நெய்து கொடுத்துக் கூலி வாங்குவது இவர். விநாயகர் சதுர்த்திக்கு நாலு நாள் முன்பு அவர் தறிக் குடோனில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது நாலு இளைஞர்கள் வந்தார்கள். நெற்றியில் பொட்டு, கையில் ரசீதுப் புத்தகம். மரியாதையாகத்தான் பேசினார்கள். எவ்வளவு என்று இவர் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. ஐந்நூறு ரூபாய்க்கு ரசீது தானாகவே கிழிந்தது.

அவர்கள் போனதும் கேட்டேன், ''ஏன் தம்பி, பக்தியா குடுத்தீங்களா?''

''பக்திக்கு நம்மூர்ல வீரக்குமாரசாமி இருக்கறாருங்ணா. இது குடுக்கறதுதான். குடுக்காம எப்படிங்ணா இருக்கறது?''

''குடுக்கலைன்னா என்ன பண்ணுவாங்க?''

''ஒண்ணும் பண்ண மாட்டாங்க. ஆனா குடுக்கலீன்னு தெரியுமில்லைங்ளா?''

இந்தக் கடைசி வாக்கியத்தை இன்னொரு தடவை படியுங்கள். மிரட்டல் இல்லை, அடிதடி இல்லை. 'குடுக்கலைன்னு தெரியும்', அவ்வளவுதான். மறுக்கிற உரிமை சட்டத்தில் இருக்கிறது, தெருவில் காணாமல் போய்விட்டது. மதத்தையும் தேசத்தையும் ஒன்றாகக் குழைத்த அரசியலுக்கும் ஜனநாயகத்துக்கும் என்ன சண்டை என்று டெல்லியில் கருத்தரங்கம் நடத்துகிறார்கள். சண்டை இந்த ரசீதுப் புத்தகத்திலேயே இருக்கிறது.

சரி, ஊர்வலத்துக்கு வருவோம்.

நம்முடைய பிள்ளையார் யார்? அரசும் வேம்பும் சேர்ந்து நிற்கிற மேடையில், கூரைகூட இல்லாமல், குளக்கரையில் உட்கார்ந்திருப்பவர். குருக்கள் வேண்டாம், நேரம் காலம் வேண்டாம். குளித்துவிட்டு வருகிறவர்கள் ஒரு குடம் தண்ணீரைத் தலையில் ஊற்றிவிட்டுப் போகலாம். பரீட்சைக்குப் போகிற பையன் அவசரமாக மூன்று தோப்புக்கரணம் போடலாம். பிள்ளையாரைத் திருடிக்கொண்டு வந்து வைத்தால் சக்தி அதிகம் என்று ஒரு நம்பிக்கைகூட உண்டு. திருட்டுப் போனாலும் கோபித்துக்கொள்ளாத ஒரே சாமி! சதுர்த்தி அன்று களிமண் பிள்ளையாரை மனையில் வைத்து வாங்கி வந்து, எருக்கம்பூ மாலை போட்டு, காகிதக் குடை வைத்து, கொழுக்கட்டையைப் படைத்துவிட்டு நாமே தின்போம். மூன்றாம் நாள் கிணற்றில் விட்டால் கதை முடிந்தது. யாரிடமும் அனுமதி கேட்டதில்லை. யாருக்கும் பந்தோபஸ்து போட்டதில்லை.

ஊர்வலப் பிள்ளையார் வேறு ஆசாமி. ஒன்பது அடி உயரம். ராணுவ உடுப்பு போட்டவரை நானே பார்த்திருக்கிறேன். அவர் உட்காருவது மரத்தடியில் இல்லை, லாரியில். பின்னால் பாரத மாதா படம். கோஷம் இந்தியில். சுற்றிலும் காக்கிச் சட்டை. மறுநாள் பேப்பரில் மாவட்டத்தில் எத்தனை சிலை, போன வருஷத்தைவிட எத்தனை அதிகம் என்று கணக்கு வரும். சாமியை எண்ணிக்கையாக மாற்றுவது ஏன்? எண்ணிக்கைதான் அரசியலின் பாஷை. 'நாங்கள் இத்தனை பேர்' என்று சொல்ல வேண்டுமானால் 'நாங்கள்' யார் என்று முதலில் கோடு போட வேண்டும். கோடு போடுவதற்குத்தான் ஊர்வலத்துக்கு ஒரு ரூட் தேவைப்படுகிறது. எந்தத் தெரு வழியாகப் போவது என்று வருஷா வருஷம் எத்தனை ஊரில் சண்டை வருகிறது என்று பாருங்கள். குளத்துக்குப் போக நேர் வழி இருக்கும். ஆனால் பள்ளிவாசல் இருக்கும் தெருதான் வேண்டும் என்பார்கள்.

இந்தத் திரைக்கதை புதுசு இல்லை. 1893ல் புனேயில் திலகர் எழுதியது. வீட்டுக்குள் இருந்த கணபதியை அவர் தெருவுக்குக் கொண்டுவந்தார். வெள்ளைக்காரனுக்கு எதிராக ஜனங்களைத் திரட்டத்தான் செய்தார் என்று பாடப் புத்தகத்தில் படித்தோம். அது உண்மைதான், முழு உண்மை இல்லை. அந்த வருஷம் ஆகஸ்டில் பம்பாயில் இந்து - முஸ்லிம் கலவரம் நடந்திருந்தது. அதுவரை மகாராஷ்டிரத்தில் மொஹரம் பண்டிகையில் இந்துக்களும் ஏராளமாகக் கலந்துகொள்வார்கள். கணபதி ஊர்வலம் வந்ததும் 'இனி அங்கே போகாதே' என்று பாட்டுக் கட்டினார்கள். ஆக, ஆரம்பத்திலேயே அதற்கு இரண்டு வேலை: ஆட்களைச் சேர்ப்பது ஒன்று, பிரிப்பது ஒன்று. நம்மூரில் தஞ்சாவூர் பக்கம் காசவளநாடு புதூரில் இன்றும் இந்துக்கள் மொஹரத்தை 'அல்லா பண்டிகை' என்று கொண்டாடுகிறார்கள். நல்ல வேளை, அங்கே திலகர் பிறக்கவில்லை.

தமிழ்நாட்டுக்கு இந்தப் படம் டப்பிங் ஆகி வந்தது தொண்ணூறு வருஷம் கழித்து. 1980ல் இந்து முன்னணி ஆரம்பிக்கப்பட்டது. 1981ல் மீனாட்சிபுரம் மதமாற்றம், 1982ல் மண்டைக்காடு கலவரம். 1983ல் சென்னை திருவல்லிக்கேணியில் ஒரு பொதுச்சிலை வைத்தார்கள், ஒரே ஒரு சிலை. ஏழே வருஷத்தில், 1990ல், அதே திருவல்லிக்கேணியில் மசூதி வழியாக ஊர்வலம் போய்க் கலவரமானது. இதை நான் சொல்லும்போது பல வாசகர்கள் சிரிக்கிறீர்கள். 'சின்ன வயசிலிருந்து இருக்கிற பண்டிகையாச்சே' என்கிறீர்கள். பண்டிகை பழையது, ஊர்வலம் என்னைவிட இளையது.

நியாயமாக எதிர்க்கட்சி வாதத்தையும் சொல்லிவிட வேண்டும். கொங்கு நாட்டுக்காரர்களிடம் போய் இதைப் பேசினால், ''கோயமுத்தூர்ல குண்டு வெச்சப்ப நீங்க எங்கிருந்தீங்க?'' என்பார்கள். 1998 பிப்ரவரி 14, ஐம்பத்தெட்டு உயிர். அந்தப் பயம் பொய்யில்லை, அந்த அயோக்கியத்தனத்துக்கு எந்தச் சமாதானமும் கிடையாது. அதற்கு இரண்டரை மாதம் முன்பு, 1997 நவம்பர் கடைசியில், ஒரு போலீஸ்காரர் கொல்லப்பட்டதும், அதைத் தொடர்ந்து பதினெட்டு முஸ்லிம்கள் கொல்லப்பட்டதும் அதே ஊரில்தான். ஒன்றை ஞாபகம் வைத்துக்கொண்டு இன்னொன்றை மறந்துபோவதற்குப் பெயர் சரித்திரம் இல்லை. குற்றம் செய்தவனை கோர்ட் தண்டிக்கட்டும். செய்யாதவன் ஏன் தன் கடை ஷட்டரை இறக்கிவிட்டு, ஊர்வலம் போகிறவரை உள்ளே உட்கார்ந்திருக்க வேண்டும்?

பெரியார் 1953ல் புத்தர் பிறந்த நாளன்று பிள்ளையார் பொம்மையை உடைத்தாரே, அதை ஏன் சொல்லவில்லை என்று ஒரு கடிதம் வரும். சொல்லிவிடுகிறேன். அந்த வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போனது. 1958ல் கோர்ட், இவ்வளவு நாள் கழித்து இதைக் கிளற வேண்டாம் என்று தள்ளுபடி செய்தது. ஆனால் எந்த வகுப்பாரானாலும் அவர்கள் புனிதமாக நினைக்கிற பொருளை மதிக்க வேண்டும் என்றும் கண்டித்தது. எனக்கு அந்த உடைப்பில் ஒருபோதும் உற்சாகம் வந்ததில்லை. அதுவும் ஒரு தெருக்கூத்துதான். ஒரு வித்தியாசம், பொம்மைக்கு அவர் என் நண்பரின் தம்பியிடம் ரசீது போடவில்லை.

இனி இந்த ஊர்வலத்தின் மூலக்கதையைப் பார்ப்போம். அது ஒரு புத்தகம். 1923ல் சாவர்க்கர் எழுதிய 'இந்துத்துவா'. அதில் யார் இந்து என்பதற்கு அவர் கொடுக்கிற இலக்கணம் சுவாரஸ்யமானது. சாமி கும்பிடுகிறவன் என்று சொல்லவில்லை. சிந்து நதியிலிருந்து கடல் வரை உள்ள இந்த மண் யாருக்குப் பிதுர்பூமியாகவும் புண்ணிய பூமியாகவும் இருக்கிறதோ அவன். கவனியுங்கள், ஒரு முஸ்லிமுக்கோ கிறிஸ்தவருக்கோ அப்பன் பாட்டன் பிறந்த மண் இதுதான். பிதுர்பூமி பரீட்சையில் பாஸ். புண்ணிய பூமி மெக்காவிலும் ஜெருசலேமிலும் இருப்பதால் இரண்டாவது பேப்பரில் ஃபெயில். குடிமகனா இல்லையா என்பதைத் தீர்மானிக்க ஒருவன் எந்தத் திசையைப் பார்த்துப் பிரார்த்திக்கிறான் என்று பார்க்கச் சொல்கிற பரீட்சை இது.

புத்தகமாக இதில் எனக்குள்ள பெரிய குறை, இது மதத்தைப் பற்றிய புத்தகமே இல்லை என்பதுதான். எழுதியவருக்கு அதில் பெருமைகூட இருந்தது. பக்தி, சடங்கு, குலதெய்வம் இதெல்லாம் சில்லறை விவகாரம், இனமும் மண்ணும்தான் விஷயம் என்கிறார். வெள்ளகோவிலில் உட்கார்ந்து படித்தால் இந்த இலக்கணம் உதைக்கிறது. இங்கே சில்லறை விவகாரம்தான் மொத்த விவகாரமும். மாசியில் மகா சிவராத்திரிக்கு வீரக்குமாரசாமிக்குத் தேர் இழுப்பார்கள். ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு குலதெய்வம், ஒவ்வொரு குலதெய்வத்துக்கும் ஒரு முறை. ஒரு கோயிலில் பொங்கல், அடுத்த கோயிலில் கெடா.

கெடா என்றதும் ஞாபகம் வருகிறது. 2003 ஆகஸ்ட். கோயில்களில் ஆடு, கோழி பலியிடக் கூடாது என்று அன்றைய முதல்வர் ஜெயலலிதாவின் அரசு உத்தரவு போட்டது. 1950லேயே சட்டம் இருந்ததாம். அரை நூற்றாண்டாகத் தூங்கிய அதைத் தட்டி எழுப்பினார்கள். அதற்கு முந்தைய வருஷம், 2002 அக்டோபரில், கட்டாய மதமாற்றத் தடை அவசரச் சட்டம் வந்திருந்தது. அதை இந்து அமைப்புகள் கைதட்டி வரவேற்றன. மதமாற்றத் தடைச் சட்டம் வந்தபோது கொங்கு கிராமங்களில் பெரிதாக யாரும் வாய் திறக்கவில்லை. 'அது அவங்க பிரச்னை' என்று இருந்துவிட்டார்கள். அடுத்த வருஷம் கருப்பண்ணசாமி கோயில் வாசலில் போலீஸ் வந்து நின்றது. அப்போதுதான் தெரிந்தது, எது சரியான இந்து மதம் என்று தீர்மானிக்கிற வேலையை அரசாங்கத்திடம் கொடுத்தால், அது முதலில் பக்கத்து வீட்டுக்காரனிடம் போகும், அடுத்து நம் வீட்டுக்கு வரும் என்று. முப்பாட்டன் காலத்திலிருந்து கெடா வெட்டிச் சொந்தபந்தத்துக்குக் கறி விருந்து போட்ட மனுஷன் ஒரே நாளில் குற்றவாளி. அவனும் இந்துதான், ஆனால் தப்பான இந்து.

2004ல் பலித் தடை வாபஸ் ஆனது. மே மாதம் பாராளுமன்றத் தேர்தலில் அவருடைய கூட்டணி தமிழ்நாட்டின் முப்பத்தொன்பது தொகுதிகளிலும் தோற்றது. உடனே மதமாற்றத் தடைச் சட்டமும் வாபஸ். விவசாயிக்கு இலவச மின்சாரம், அரசு ஊழியர் கோபம், கூட்டணிக் கணக்கு என்று தோல்விக்கு ஏகப்பட்ட காரணம் இருந்தது, கெடாதான் தோற்கடித்தது என்று கதை விட மாட்டேன். ஆனால் கெடா வெட்டுகிறவனும், சர்ச்சுக்குப் போகிறவனும், சம்பளம் போனவனும் ஒரே பக்கம் ஓட்டுப் போட்டார்கள் என்பது உண்மை. ஊர்வலம் ஒருநாளும் சேர்த்துவைக்க முடியாத கூட்டம் அது.

இங்கேதான் ஜனநாயகப் பெரும்பான்மைக்கும் மதப் பெரும்பான்மைக்கும் உள்ள வித்தியாசம். தேர்தலில் பெரும்பான்மை என்பது தற்காலிகம். இந்தத் தடவை என் பக்கம், அடுத்த தடவை உங்கள் பக்கம். தோற்றவனுக்கு நாளைக்கு ஜெயிப்போம் என்ற நம்பிக்கை இருப்பதால்தான் அவன் வீட்டுக்குப் போய்த் தூங்குகிறான். வெள்ளகோவில் என்று ஒரு சட்டமன்றத் தொகுதியே இருந்தது. 2008 மறுசீரமைப்பில் அது போய்விட்டது. 2011 தேர்தலில் ஊர் காங்கேயம் தொகுதிக்குள் இருந்தது. தொகுதியின் எல்லையே மாறுகிற விளையாட்டு இது. பிறப்பால் வருகிற பெரும்பான்மை அப்படியா? அதில் சிறுபான்மையாகப் பிறந்தவன் நூறு தேர்தல் நடந்தாலும் தோற்றவன்தான்.

இது தமிழனுக்குப் புரியாத பாடம் இல்லை. இலங்கையில் நாம் எதிர்ப் பக்கத்திலிருந்து படித்த பாடம். 1948ல் குடியுரிமைச் சட்டம் போட்டுச் சுமார் ஏழு லட்சம் மலையகத் தமிழரை நாடற்றவர்களாக்கியது எந்த சர்வாதிகாரியும் இல்லை, ஓட்டெடுப்பு நடத்திய பாராளுமன்றம். 1956ல் புத்த ஜயந்தி வருஷத்தில், பிக்குகளின் ஆதரவோடு, தேர்தலில் ஜெயித்து வந்துதான் பண்டாரநாயக சிங்களம் மட்டும் சட்டம் போட்டார். அடுத்த வருஷம் செல்வநாயகத்தோடு ஒப்பந்தம் போட்டார். பிக்குகள் அவர் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்தார்கள், 1958ல் ஒப்பந்தத்தைக் கிழித்தார். 1959 செப்டம்பரில் அவரைச் சுட்டவரும் ஒரு பிக்குதான். 1972 அரசியல் சட்டத்தில் புத்த மதத்துக்கு முதலிடம். எல்லாம் கைதூக்கி, எண்ணிப் பார்த்து, சட்டப்படி நடந்தது. சிங்கள பௌத்தத்தை மேடை போட்டுத் திட்டிவிட்டு, அதே சரக்கை வேறு லேபிள் ஒட்டி நம் தெருவில் விற்கும்போது வரவேற்பு வளைவு வைக்கிற தமிழுணர்வாளர்களை எனக்குத் தெரியும்.

நம் ஆட்கள் 1949ல் எவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தார்கள் என்பதற்கு ஒரு கதை சொல்கிறேன். அக்டோபர் 17. அரசியல் நிர்ணய சபையில் முகப்புரையை விவாதிக்கிறார்கள். எச்.வி. காமத் எழுந்து, 'கடவுளின் பெயரால்' என்று ஆரம்பிக்க வேண்டும் என்று திருத்தம் கொண்டுவருகிறார். உடனே அஸ்ஸாமிலிருந்து வந்த ரோகிணி குமார் சௌத்ரி எழுந்து, நாங்களெல்லாம் சக்தி உபாசகர்கள், தேவியை விட்டுவிட்டுக் கடவுளை மட்டும் எப்படிச் சொல்லலாம் என்று கேட்டார். இது கிண்டலா, நிஜமா என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை, ஆனால் இதைவிடச் சரியான கேள்வி கிடையாது. எந்தக் கடவுள்? யாருடைய கடவுள்? திருவிதாங்கூரிலிருந்து போன பட்டம் தாணுப் பிள்ளை தான் ஒரு ஆஸ்திகன்தான் என்று சொல்லிவிட்டு, நம்பாதவனை இது கட்டாயப்படுத்தும் என்று எதிர்த்தார். பூர்ணிமா பானர்ஜி, கடவுளை ஓட்டுக்கு விட வேண்டாமே என்று காமத்திடம் கெஞ்சாத குறையாகச் சொன்னார். காமத் கேட்கவில்லை. ஓட்டெடுப்பு நடந்தது. கடவுளுக்கு 41, எதிராக 68. எதிராக ஓட்டுப் போட்டவர்களில் பெரும்பாலோர் காலையில் பூஜை செய்துவிட்டு வந்தவர்கள்தான். சாமியை அவர்கள் தோற்கடிக்கவில்லை, ரசீதுப் புத்தகத்திலிருந்து காப்பாற்றினார்கள்.

அரசாங்கம் இந்துக் கோயிலை மட்டும்தானே அறநிலையத் துறை வைத்து நிர்வகிக்கிறது, இதுதான் உங்கள் மதச்சார்பின்மையா என்று கேட்கிறவர்களுக்கு என்னிடம் முழு பதில் இல்லை. அந்தக் கேள்வி நியாயமானது. கோயில் நிலம் யார் கையில் இருந்தது, கருவறைக்கும் கோபுரத்துக்கும் நடுவில் யாரை நிறுத்தினார்கள் என்பதையும் சேர்த்துக் கேட்டால் இன்னும் நியாயமாக இருக்கும். அதற்குத் தனியாக ஒரு வாரம் வேண்டும்.

நண்பரின் தம்பி குடோனில் ஒடிசாவிலிருந்து வந்த இரண்டு பையன்கள் தறி ஓட்டுகிறார்கள். சாவர்க்கர் இலக்கணப்படி அவர்களும் முதலாளியும் ஒரே ரத்தம், ஒரே புண்ணிய பூமி. ஊர்வலத்தில் அவர்களும் ஆடுவார்கள். ஆனால் 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் வட இந்தியத் தொழிலாளிகளை அடித்துக் கொல்கிறார்கள் என்று பொய் வீடியோ பரவியதே, அப்போது திருப்பூர் ஸ்டேஷனில் மூட்டையோடு நின்றவர்கள் இவர்களைப் போன்றவர்கள்தான். அந்தப் பொய்யைப் பரப்பியவர்களில் ஒரு பா.ஜ.க. பிரமுகரும் இருந்தார், உத்தரப் பிரதேசத்துக்காரர், வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போய் மன்னிப்புக் கேட்க வேண்டி வந்தது. ஒரே ரத்தம் என்று சொல்கிறவர்களுக்கு இந்த ரத்தத்தைப் பற்றி அவ்வளவுதான் கவலை.

அதே இடத்தில் இன்னொன்றும் நடக்கிறது. 2022 ஜனவரியில் கோவை, திருப்பூர் மாவட்டங்களில் கூலி விசைத்தறிக்காரர்கள் கூலி உயர்வு கேட்டுத் தறியை நிறுத்தினார்கள். நண்பரின் தம்பியும் நிறுத்தினார். பி.ஏ.பி. வாய்க்காலின் வெள்ளகோவில் கிளையில் கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்று விவசாயிகள் உண்ணாவிரதம் இருந்தார்கள். நொய்யலில் சாயக் கழிவு என்று கோர்ட்டுக்குப் போன விவசாயிகளால் 2011 ஜனவரியில் திருப்பூர் சாயப்பட்டறைகளையே மூடச் சொல்லி ஹைகோர்ட் உத்தரவு போட்டது. இந்தச் சண்டைகளில் எதிரே இருந்தவன் எந்தச் சாமி கும்பிட்டான் என்று யாரும் கேட்கவில்லை. பெரும்பாலும் அதே சாமிதான். ஊர்வலத்தில் முதல் வரிசையில் பரிவட்டம் கட்டி நிற்பவரும், கூலியில் பத்துப் பைசா ஏற்ற மறுப்பவரும் ஒரே ஆளாக இருக்க முடியும் என்பதை எந்தத் தறிக்காரரும் உங்களுக்குச் சொல்வார்.

அயோத்தியையும் பாருங்கள். 2024 ஜனவரி 22ல் கோயில் பிரதிஷ்டை. நாடு முழுக்க நேரடி ஒளிபரப்பு. ஜூன் 4ல் ஓட்டு எண்ணினார்கள். அயோத்தி அடங்கிய பைசாபாத் தொகுதியில் பா.ஜ.க. தோற்றது. ஜெயித்தவர் சமாஜ்வாதி கட்சியின் அவதேஷ் பிரசாத், பொதுத் தொகுதியில் நின்ற ஒரு தலித். சாலையை அகலப்படுத்துகிறோம் என்று கடையும் வீடும் போனவர்கள் அந்த ஊரில் இருந்தார்கள். ராமரை அவர்கள் கும்பிடாமல் இல்லை.

போன மாதம் நண்பரின் தம்பி போன் பண்ணினார். ஆர்டர் இல்லை, வாரத்தில் நாலு நாள்தான் தறி ஓடுகிறது என்றார். பேச்சுவாக்கில் ரசீதைப் பற்றிக் கேட்டேன்.

''இந்த வருசம் ஆயிரங்ணா.''

''குடுத்தீங்களா?''

''ஐந்நூறுதான் இருக்குதுன்னேன். வாங்கிட்டாங்க. ஆயிரத்துக்கே ரசீது போட்டுட்டு, மீதியை அப்புறம் வாங்கிக்கறம்ன்னு போயிருக்காங்க.''